பழைய தெருவிளக்கு லாந்தரை வீட்டு முகப்பில் எரிய வைப்பது: வாங்குவது முதல் மாட்டுவது வரை

மண்ணெண்ணெய்க்கும் கேஸுக்கும் செய்த லாந்தர், காற்று அடியில் புகுந்து உச்சியில் வெளியேறும்படி செய்யப்பட்டது. அடித்தட்டில் துளைகள், மேலே புகைபோக்கித் தொப்பி, நடுவில் சுடர். அதே துளைகள் வழியாகத்தான் ஐப்பசி மழைச்சாரலும் ஈசலும் குளவியும் உள்ளே வரும். அந்தத் துளைகளை சிலிகான் வைத்து அடைத்துவிட்டால், சித்திரை வெயிலில் உள்ளே சூடேறி, சுடருக்குப் பதிலாக நாம் வைக்கும் எல்இடி சீக்கிரமே செத்துவிடும். இந்த வேலையின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

ஆகவே அடிப்படை விதி ஒன்று. கூண்டு பழையதாகவே இருக்கட்டும். உள்ளே போகும் மின் பகுதி முழுக்கப் புதியதாக, தனக்கென்று நீர்க்காப்பு உள்ளதாக, நான்கு ஸ்குரூவைக் கழற்றினால் மொத்தமாகக் கையோடு வந்துவிடுவதாக இருக்கட்டும். பழைய உலோகத்தில் புதிதாக ஒரு துளைகூடப் போட வேண்டாம். எல்இடி சில வருஷத்தில் மாறும், கூண்டு மாறாது.

வாங்கும்போது

பாண்டிய நாட்டுப் பக்கம் கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, கல்தூண் மீதோ இரும்புக் கம்பத்தின் மீதோ நின்ற நான்குமுக மண்ணெண்ணெய் லாந்தர். மேலே அகலம், கீழே குறுகல், ஒரு பக்கக் கண்ணாடி கதவாகத் திறக்கும். இரண்டாவது, மின்சாரம் வந்த காலத்து எனாமல் சட்டி. வெளியே பச்சை அல்லது நீலம், உள்ளே வெள்ளை, வளைந்த குழாய்க் கையில் தொங்கும். மூன்றாவது, கல்கத்தாவிலும் பம்பாயிலும் 19-ஆம் நூற்றாண்டில் எரிந்த மாதிரியான கேஸ் லாந்தர். வார்ப்பிரும்புச் சட்டமும் செம்புத் தொப்பியும் கொண்டது. முதல் முறை செய்பவர்களுக்கு எனாமல் சட்டிதான் நல்லது. மேல் பக்கம் முழுசாக மூடியிருப்பதால் மழைப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

மதுரையிலிருந்து போய்த் தேடுவதற்கு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் தோதானவை. அங்கேயும் சரி, வேறெங்கும் சரி, கையில் ஒரு காந்தம், ஒரு சின்ன ஸ்குரூடிரைவர், ஒரு டார்ச் இருக்க வேண்டும். பித்தளை என்று சொல்லும் பாகத்தில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. விளக்கைத் தாங்கும் வார்ப்பிரும்புக் கையைக் கயிற்றில் தொங்கவிட்டு சாவியால் தட்டுங்கள். நின்று ஒலித்தால் நல்லது, மொட்டையாக ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. தகரக் கூண்டில் முதலில் அரிப்பது அடிச்சட்டம், கண்ணாடி உட்காரும் பள்ளம். அங்கே ஸ்குரூடிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். அமுங்கினால், பெயிண்டுக்குள் இரும்பே இல்லை என்று அர்த்தம்.

புது நகல்களும் ஏராளமாக வருகின்றன. அலுமினிய வார்ப்பு கையில் எடுத்தாலே லேசாக இருக்கும். கீலின் ஆணியைப் பாருங்கள்: பல வருஷம் திறந்து மூடிய கீலில் தேய்மானம் ஒரு பக்கமாக இருக்கும். அமிலம் ஊற்றிப் பழசாக்கியதில் எல்லா இடமும் ஒரே மாதிரி கறுத்திருக்கும்.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருட்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும். அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நகராட்சி முத்திரை உள்ள லாந்தர் என்றால் ஏல ரசீது இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பில் இல்லாமல் வாங்க வேண்டாம். தெருவில் கேட்பாரற்று நிற்கும் விளக்கைக் கழற்றிக்கொண்டு வருவது திருட்டு, அது எரிந்தாலும் எரியாவிட்டாலும்.

மாட்டும் இடத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

பட்டறைக்குக் கொண்டுபோகும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். கையின் நீளம், அதைச் சுவரில் பிடிக்கும் தட்டின் அளவு, வயர் எந்தப் பக்கத்தில் நுழையும் என்பதெல்லாம் இடத்தைப் பொறுத்தது.

நகருக்குள் சந்துகளில் மின்கம்பி வீட்டை உரசிக்கொண்டு போகும். தாழ்வழுத்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டரும், மேலே 2.5 மீட்டரும் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. 45 சென்டிமீட்டர் நீளும் விளக்கு அந்த இடைவெளியைத் தின்றுவிடும். அளக்கும்போது சுவரிலிருந்து அளக்கக் கூடாது, மாட்டப்போகும் லாந்தரின் வெளிவிளிம்பிலிருந்து கண்ணளவாகக் கணக்குப் போடுங்கள். கம்பிக்கு அருகே இரும்பு டேப் கொண்டு போகவே வேண்டாம்.

நடைபாதைக்கு மேல் லாந்தரின் அடி குறைந்தது 2.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். சரக்கு வண்டி வந்து திரும்பும் தெருவில் இது போதாது. அங்கே கை நீளாமல் சுவரோடு ஒட்டிய தட்டு மாதிரிதான் சரி. மதுரையின் மாசி வீதிகளில் முகப்பு வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: சித்திரைத் தேர் அந்த வீதிகளில்தான் சுற்றுகிறது. தெருவின் மேல் நீளும் எந்தக் கையும் அங்கே ஆகாது. திண்ணைத் தூண், உள்முற்றம், மாடி கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் ஆகிய இடங்களில் வைத்தால் விளக்குக்கும் பாதுகாப்பு, தேருக்கும் இடைஞ்சலில்லை.

கழற்றுதல், பழைய பெயிண்ட், துரு

நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இறுகிய போல்ட்டில் துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கள். பழைய பிரிட்டிஷ் காலத்துச் சாமான்களில் விட்வொர்த் என்னும் அங்குலக் கணக்கு மரை இருக்கும். 5/16 அங்குல போல்ட்டும் எம்8 (8 மில்லிமீட்டர்) போல்ட்டும் பார்க்க ஒன்று போலத்தான், முதலாவது 7.94 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 18 மரை, இரண்டாவதின் மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். எம்8-ஐத் திணித்து முறுக்கினால் இரண்டு சுற்று போகும், மூன்றாவது சுற்றில் வார்ப்பிரும்பின் மரை சாப்பிட்டுவிடும், சில சமயம் போல்ட் நுழையும் காதே உடைந்துவிடும். பழைய போல்ட்டையே லேத் பட்டறைக்கு எடுத்துப்போய் அதே மரையில் புதிது கடைந்து வாங்குங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடுவதும் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்ப்பதும் வேண்டவே வேண்டாம். அந்தத் தூள் வீட்டுப் பிள்ளைகள் நடமாடும் தரையில் படியும். பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறியதும் ஈரத்தோடு சுரண்டி, சுரண்டலைப் பையில் கட்டிவிடுங்கள். சாதாரணத் துணி முகக்கவசம் பத்தாது, வடிகட்டி உள்ளது வேண்டும். பழைய ஹோல்டரைச் சுற்றி வெள்ளையாக நாரோ கயிறோ இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். தண்ணீர் தெளித்து, உதறாமல் எடுத்து, இரட்டைப் பையில் போடுங்கள்.

செதிள் துருவைக் கையால் கம்பி பிரஷ் போட்டு எடுத்து, குழிகளில் மிஞ்சியதற்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி தடவினால் போதும். பளபளக்கும்வரை தேய்ப்பது வீண். பித்தளை, செம்பு பாகங்களுக்குப் புளியும் உப்பும் நன்றாகவே வேலை செய்யும்; பச்சைக் களிம்பு உடனே இறங்கும். ஆனால் உப்பு மூட்டுகளில் தங்கினால் ஒரு மாதத்தில் களிம்பு திரும்பி வந்துவிடும். சோடா உப்புக் கரைசலில் ஒரு முறை, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை கழுவி வெயிலில் உலர்த்துங்கள். வெளியே இருக்கும் பித்தளைக்கு லாக்கர் அடிப்பதில் பயன் குறைவு. அது திட்டுத் திட்டாக உரியும், உரிந்த இடம் மட்டும் கறுக்கும். இயல்பாகப் பழுப்பேற விட்டுவிட்டால் அழகாகவே இருக்கும்.

வார்ப்பிரும்பு உடைந்திருந்தால் வார்ப்பிரும்பைப் பற்றவைத்துப் பழகிய பட்டறையாகப் பாருங்கள். கிரில் கேட் பற்றவைக்கும் சாதாரண ராடு போட்டால் பற்றின் ஓரமே ஆறும்போது விரிசல் விடும். சூடேற்றி நிக்கல் ராடு போட்டு, சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். இல்லையென்றால் கேஸில் பித்தளைப் பற்று. அலங்காரப் பூவேலைக்கு இது சரி. எடை தாங்கும் கழுத்துப் பகுதியில் விரிசல் என்றால் எந்தப் பற்றையும் நம்பாதீர்கள். அந்தக் கைக்குள் மறைவாக ஒரு இரும்புப் பட்டை வைத்து, எடை அதில் இறங்கும்படி செய்யுங்கள்.

பெயிண்ட்

இரும்புக்கு ஜிங்க் பாஸ்பேட் எப்பாக்சி பிரைமர் இரண்டு கை, அதன் மேல் பாலியூரித்தேன் பெயிண்ட் இரண்டு கை. ரெட் ஆக்சைடு மலிவு, ஆனால் நேரடி வெயில் படும் முகப்பில் நீண்ட நாள் நிற்காது. துருவெடுத்த அன்றே பிரைமர் விழ வேண்டும். ஒரு இரவு விட்டால் மறுபடியும் செம்மஞ்சள் பூத்துவிடும். மடிப்புகளிலும் ரிவிட் தலைகளிலும் சின்ன பிரஷ்ஷால் தனியாக ஒரு கை முன்கூட்டியே அடியுங்கள். துரு முதலில் திரும்பி வருவது அங்கேதான். காலை ஒன்பது மணிக்குள் நிழலில் அடித்து முடிப்பது நல்லது. கை வைக்க முடியாத சூட்டிலிருக்கும் தகட்டில் அடித்தால் பெயிண்ட் பரவுமுன்பே இழுத்துக் கொப்புளிக்கும்.

எனாமல் சட்டிக்கு முழுசாகப் பெயிண்ட் அடிக்காதீர்கள். பெயர்ந்த இடங்களில் மட்டும் துருவெடுத்து எப்பாக்சியால் தொட்டுவிட்டால் போதும்.

கண்ணாடி

பழைய கண்ணாடியில் லேசான அலையும் சின்னக் குமிழும் இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள். அந்த வெளிச்சம் புதுக் கண்ணாடியில் வராது. ஆனால் ஆள் நடக்கும் இடத்துக்கு மேலே என்றால், பாதுகாப்புக் கருதி 4 மில்லிமீட்டர் டஃபன்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடிதான் போட வேண்டும். அதைப் பிறகு வெட்ட முடியாது. ஆகவே அட்டையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி அச்சு வெட்டி, எல்லாப் பக்கமும் 2 மில்லிமீட்டர் குறைத்து, கண்ணாடிக் கடையில் கொடுங்கள். நான்கு பக்கமும் ஒரே அளவு என்று நினைத்துவிட வேண்டாம், கையால் செய்த கூண்டில் அப்படி இருப்பதில்லை. பாலிகார்பனேட் உடையாது, ஆனால் நம்மூர் வெயிலில் மஞ்சளாகிவிடும்.

ஒட்டுவதற்கு நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள். வினிகர் வாசம் அடிக்கும் சாதாரண சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். பித்தளையும் செம்பும் இரும்பும் அதில் அரிக்கும். மூடிய மூலையில் பச்சை பூத்து வெளியே தெரிய சில மாதமாகும், அதற்குள் வேலை கெட்டிருக்கும். பக்கக் கண்ணாடிகளின் மேல் விளிம்பையும் இரு ஓரங்களையும் மட்டும் ஒட்டுங்கள். கீழ் விளிம்பை ஒட்டாமல் விட்டால் உள்ளே போன நீர் வடிந்துவிடும்.

உள்ளே எரியப்போவது

இரண்டு வழி. ஒன்று, 230 வோல்ட்டை லாந்தர்வரை கொண்டு போவது. மற்றொன்று, வீட்டுக்குள்ளேயே டிரைவரை (மின்னழுத்தத்தைக் குறைத்து எல்இடிக்குத் தரும் பெட்டி) வைத்து 24 வோல்ட்டை மட்டும் வெளியே அனுப்புவது. கைக்கெட்டும் உயரத்தில் உலோகக் கூண்டு, மழை, திண்ணையில் விளையாடும் பிள்ளைகள் என்று எல்லாம் இருக்கும்போது இரண்டாவதுதான் எங்கள் தேர்வு. டிரைவர் உள்ளே இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. எல்இடி டிரைவரில் முதலில் போவது எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். கறுப்பு அடித்த கூண்டு மேற்குப் பார்த்த சுவரில் மத்தியானம் முழுக்கக் காய்வதை நினைத்துக்கொண்டால் கணக்கு புரியும்.

ஆறு லாந்தர், ஒவ்வொன்றுக்கும் 6 வாட் என்றால் மொத்தம் 36 வாட். டிரைவரை முக்கால் பங்குக்கு மேல் சுமக்க விடக் கூடாது, எனவே 50 அல்லது 60 வாட் டிரைவர். அது மின்காப்புப் பிரிப்பு உள்ள வகையாக இருக்க வேண்டும். மலிவுச் சரக்கில் உள்ளும் வெளியும் பிரியாமலே இருக்கும், பெட்டியில் 24 வோல்ட் என்று போட்டிருந்தாலும் வெளிக்கம்பி ஷாக் அடிக்கும்.

ஏன் 12 வோல்ட் வேண்டாம் என்பதற்குக் கணக்கு இதோ. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12.1 ஓம். 20 மீட்டர் தூரம் என்றால் போய்வர 40 மீட்டர், தடை 0.48 ஓம். 24 வோல்ட்டில் 36 வாட்டுக்கு 1.5 ஆம்பியர் ஓடும், 0.7 வோல்ட் குறையும். 3 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 12 வோல்ட்டில் 3 ஆம்பியர், 1.45 வோல்ட் குறைவு, 12 சதவீதம். கடைசி லாந்தர் மங்கலாக எரியும். பல்பு சரியில்லை என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு வயரில் இருக்கும்.

வெளிச்சத்தின் நிறம் 2200 முதல் 2700 கெல்வின், அளவு லாந்தருக்கு 400 முதல் 600 லூமென். அதற்கு மேல் போட்டால் கூண்டின் அழகு கண்கூச்சத்தில் மறைந்துவிடும். வெள்ளை வெளிச்சத்துக்கு ஈசலும் பூச்சியும் அதிகம் வரும், மஞ்சளுக்குக் குறைவு. எல்இடி உட்காரும் உயரமும் முக்கியம்: பழைய சுடர் இருந்த இடத்திலேயே, அதாவது பர்னர் பீடத்துக்குச் சற்று மேலே வெளிச்சம் பிறக்க வேண்டும். தொப்பிக்குள் ஒட்டி வைத்தால் தரையில் மட்டும் வெளிச்சம் விழும், கண்ணாடி இருட்டாக நிற்கும்.

செய்முறை இப்படி:

1. பர்னர் பீடத்தின் அளவுக்கு 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வெட்டி, பீடத்தில் ஏற்கெனவே உள்ள துளைகளுக்கு நேராகத் துளையிடுங்கள். எல்இடியின் சூட்டை வாங்கிக்கொள்வதும் இந்தத் தகடுதான்.
2. தூசியும் நீரும் புகாத ஐபி65 தரமுள்ள 24 வோல்ட் எல்இடி மாட்யூலை (எல்இடிகள் பொருத்திய சிறு தகடு) வெப்பம் கடத்தும் பசை தடவி அதில் திருகுங்கள்.
3. அதைச் சுற்றிப் பால்கண்ணாடிக் குழல் ஒன்றை நிறுத்துங்கள். எல்இடி புள்ளி தெரியாது, சுடர் நிற்கும் இடம் மட்டும் ஒளிரும்.
4. தகட்டின் அடியில் நைலான் கிளாண்டு (வயரை இறுக்கிப் பிடித்து நீரைத் தடுக்கும் மூடி) வழியாக வயரை இறக்கி, கூண்டுக்குள்ளேயே ஒரு நீர்க்காப்பு பிளக் இணைப்பு கொடுங்கள். கழற்றும்போது வயரை வெட்ட வேண்டியிராது.
5. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூவுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் நைலான் வாஷர் போடுங்கள். இல்லையென்றால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும்.

பழைய காற்றுத் துளைகளை அடைக்காமல், உள்பக்கம் மெல்லிய ஸ்டெயின்லெஸ் வலை வைத்து ஒட்டுங்கள். குளவியும் பல்லியும் நுழையாது, காற்று போய்வரும். அடித்தட்டில் வடிதுளை எதுவும் இல்லாத எனாமல் மாதிரிகளில் கண்ணாடி மூடி இருந்தால், மூடியின் கேஸ்கெட்டில் ஒரு சென்டிமீட்டர் வெட்டி விடுங்கள். முழுசாக அடைத்த கூண்டு பகலில் காற்றை வெளியே தள்ளி, இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். காலையில் கண்ணாடிக்குள் வேர்த்திருக்கும்.

230 வோல்ட்தான் போடுவது என்றால் லைசென்ஸ் உள்ள வயர்மேன் வேண்டும். ஐஎஸ் 694 என்ற இந்தியத் தரத்தில் 1.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் வயர், சர்க்யூட்டுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), எல்லா உலோகப் பாகத்துக்கும் எர்த். இதில் பலரும் தவறும் இடம் கீல். கூண்டில் எர்த் கொடுத்துவிட்டால் கதவுக்கும் வந்துவிடும் என்று நினைப்பார்கள். பெயிண்ட் அடித்த கீல் மின்சாரம் கடத்தாது. கதவுக்கும் தொப்பிக்கும் தனித்தனியாகப் பச்சை வயர் போக வேண்டும். இணைக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்குங்கள். மல்டிமீட்டரில் எர்த் முனைக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) குறைந்தது 1 மெகாஓம். மெக்கர் போடும்முன் எல்இடியையும் டிரைவரையும் கழற்றிவிடுங்கள், விட்டால் புகைந்துவிடும்.

இரண்டு முறைக்கும் பொதுவாக, மீட்டர் பெட்டியில் திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு ஒன்று இருக்கட்டும். கோடை இடியில் போகும் டிரைவர்கள் நிறைய.

சுவரில் ஏற்றுதல்

12 கிலோ லாந்தர், 6 கிலோ கை, 45 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். மேல் கீழ் போல்ட் இடைவெளி 20 சென்டிமீட்டர் என்றால் மேல் வரிசையில் 34 கிலோ அளவு இழுப்பு. இது எல்லாரும் போடும் கணக்கு. விட்டுப்போவது காற்று. கட்டட விதிகளில் மதுரைக்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். அந்தக் காற்று 30க்கு 50 சென்டிமீட்டர் முகத்தில் பக்கவாட்டில் சுமார் 15 கிலோ தள்ளும். 45 சென்டிமீட்டர் கை அதை நெம்புகோலாக்கி, 12 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இடவலப் போல்ட்டுகளில் 56 கிலோ இழுப்பாக்கிவிடும். நான்கு போல்ட் தட்டில் இந்த இரண்டு இழுப்பிலும் பாதிப் பாதி சேர்ந்து, மேல் மூலைப் போல்ட் ஒன்றுக்கு மொத்தம் 45 கிலோ. நான்கு மடங்கு பாதுகாப்பு வைத்தால் ஒரு போல்ட் 180 கிலோ தாங்க வேண்டும். பழைய கைகளின் தட்டு ஒடுக்கமாகவே இருக்கும். அதன் பின்னால் 8 மில்லிமீட்டர் இரும்பில் அகலமான தட்டு ஒன்று வைத்து, சுவர்ப் போல்ட்டுகளை அந்தத் தட்டில் போடுவது நல்லது.

கான்கிரீட் தூண் என்றால் எம்10 ஆங்கர் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) போதும். செங்கலும் சுண்ணாம்புமாகக் கட்டிய பழைய வீட்டுச் சுவரில் விரியும் ஆங்கர் போடாதீர்கள். அது விரிய விரியச் சுண்ணாம்புச் சாந்து பொடிந்து வழிவிடும். இறுக்கும்போது இறுகியது போலத் தோன்றி, முதல் ஆடிக்காற்றில் ஆடத் தொடங்கும். அங்கே சரியானது ஊடு போல்ட்: எம்12 மரைக் கம்பி சுவர் முழுக்க ஊடுருவி, உள்பக்கம் 15க்கு 15 சென்டிமீட்டர், 6 மில்லிமீட்டர் தட்டில் இறுக வேண்டும். உள்ளே தட்டு தெரியக் கூடாது என்பவர்கள் வலைக்குழல் செருகிய கெமிக்கல் ஆங்கர் (பசையால் பிடிக்கும் போல்ட்) போடலாம். துளையை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊத வேண்டும். தூள் மிஞ்சினால் பசை தூளைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. சுண்ணாம்புச் சுவரில் டிரில்லின் சுத்தியல் அடியை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் துளையிடுங்கள். பெயர்ந்த காரையைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே பூசுங்கள். சிமென்ட் வைத்தால் ஈரம் உள்ளே அடைபட்டு, சுற்றியுள்ள காரையையும் தள்ளிவிடும்.

வயர் நுழையும் துளை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். நுழையும் முன் வயர் ஒரு வளைவாகக் கீழிறங்கி ஏற வேண்டும், மழைநீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

லாந்தரை ஏற்றும் முன், அதன் எடையைப் போல மூன்று மடங்கு மணல் மூட்டையைக் கையில் கட்டி ஒரு நாள் தொங்கவிடுங்கள். கீழே யாரும் போகாமல் கயிறு கட்டி வையுங்கள். தட்டின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் காகிதம் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால், இறக்கிவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

சோதனையும் பிறகு பார்ப்பதும்

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பூவாளியால் பத்து நிமிஷம் மேலிருந்தும் சாய்வாகவும் தண்ணீர் ஊற்றுங்கள். திறந்து, மாட்யூலைச் சுற்றி டிஷ்யூ தாளை ஒற்றிப் பாருங்கள். கூண்டின் தரையில் ஈரம் இருந்தால் பரவாயில்லை, வடிந்துவிடும். கிளாண்டுக்குள் ஈரம் இருக்கவே கூடாது.

மதுரையில் சூரியன் மறைவது வருஷத்தின் பெரும்பகுதி ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில்தான். எனவே டைமர் ஒன்றே போதும். லைட் சென்சார் வைப்பதானால் லாந்தர் வெளிச்சம் அதன் மேல் படாத இடமாகப் பாருங்கள். பட்டால் எரிந்தணைந்து எரிந்தணைந்து கொண்டிருக்கும். ஆறு லாந்தர் தினம் ஆறு மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு ஆறரை யூனிட் ஆகும்.

புரட்டாசி கடைசியில், மழைக்கு முன், வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். வலையில் அடைந்த ஈசல் இறகையும் தூசியையும் தட்டுங்கள், வடிவழியில் ஒரு கம்பியை விட்டு எடுங்கள், போல்ட்டுகளை ஸ்பேனரில் தொட்டுப் பாருங்கள். பெயிண்டில் நகக்கண் அளவு துரு தெரிந்தால் அன்றே சுரண்டித் தொட்டுவிடுங்கள். 230 வோல்ட் போட்டவர்கள் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும். விழவில்லை என்றால் மாற்றும்வரை லாந்தரை எரிய விடாதீர்கள்.